இறக்குகிற கை

இஸ்பிராண்ட் டூக் எங்கள் மருத்துவமனைக்கு முதன்முதலில் வந்தது அக்டோபர் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தேன், பதினொரு மணிக்கு வந்தார். தாமதமாக வந்ததாக அவர் நினைக்கவில்லை. வசந்தம் வந்தால் எங்கள் மானிடோபா மாகாணம் முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும். அவர் மட்டும் தள்ளுவதில்லை. அவர் வீட்டுக் கடிகாரத்துக்கு வருடம் முழுவதும் ஒரே மணிதான். நவம்பர் வந்ததும் ஊரே கடிகாரத்தைப் பின்னே இழுத்துக்கொண்டு அவரோடு வந்து சேர்ந்துகொள்ளும்.

அவரைப் பற்றி எங்கள் பக்கத்தில் இன்னும் சில விஷயங்கள் சொல்வார்கள். எங்கள் ஊரில் ஒரே ஒரு தெரு. வீடுகள் இரண்டு பக்கமும், தேவாலயம் நடுவிலும் இருக்கின்றன. தெருவில் பிறந்தவர் தெருவிலேயே சாவதுதான் வழக்கம். இவர் மட்டும் இரண்டு மைல் தள்ளி, சூரியகாந்தி வயலுக்கு நடுவே தனியாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். ஊரில் யார் செத்தாலும் வருவார், ஆனால் கல்லறைத் தோட்டத்துக்குள் கால் வைக்கமாட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எந்தக் குளிராக இருந்தாலும், கடைசி மண்வெட்டி மண் விழும்வரை வேலிக்கு வெளியே சாலையில் நிற்பார். பிறகு யாரிடமும் பேசாமல் போய்விடுவார். “அந்த ஆளு ஒரு மாதிரி” என்பார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்வதில்லை.

நான் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இயன்முறை சிகிச்சை செய்கிறவள். டாக்டர்கள் அனுப்பும் ஒவ்வொருவரைப் பற்றியும் திரும்பக் கடிதம் எழுதி அனுப்ப வேண்டும். என் கடிதத்தில் எப்போதும் மூன்று பத்திகள் இருக்கும். நோயாளி சொன்னது முதலாவது, நான் பார்த்தது இரண்டாவது, நான் நினைப்பது மூன்றாவது. ஒன்றை மற்றொன்றோடு கலக்கக்கூடாது என்பது பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிய நாளிலிருந்து பழக்கம். அந்த வருடம் அதைக் கலந்துவிட்டேன். அதையும் சொல்கிறேன்.

“ஹீபர்ட் வாத்தியார் பொண்ணுதானே நீ? மூக்கு அப்படியே அவரு மூக்கு.”

“ஜஸ்டினா, அங்கிள். உக்காருங்க. வலது கைய மேசைமேல வைங்க.”

முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் விரலை வைத்ததும் அவர் தாடை இறுகியது. வாயிலிருந்து சத்தம் வரவில்லை. எங்கள் ஆட்களுக்கு வலிக்கிறதா என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், கேட்டுப் பிரயோஜனமில்லை. பிடியின் பலத்தை அளக்கும் கருவியைக் கொடுத்தேன். இடது கை நாற்பத்துநான்கு கிலோ காட்டியது. வலது கை பதின்மூன்று.

“எத்தனை நாளா இப்படி?”

“ஆகஸ்ட்ல வைக்கோல் கட்டுன நாள்ல இருந்து. போன வாரம் காபிக் கப்பு நழுவிடுச்சு. அதான் வந்தேன்.”

“பன்னெண்டு வாரம் ஆகும்.”

“எட்டுல முடிச்சுக்குடு.”

“இது என்ன டிராக்டரா அங்கிள், பார்ட்ஸ் மாத்தி அனுப்புறதுக்கு?”

அவர் சிரிக்கவில்லை. தொப்பியை முழங்காலில் வைத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார். “மேல, ரெண்டாவது மாடில எங்க அண்ணன் பெர்ன்ஹார்ட் படுத்திருக்கான். இதயம் ஓஞ்சு போச்சு. கிறிஸ்மஸ் தாண்டுறதே பெரிய விஷயம்னு டாக்டர் சொல்லிட்டாரு. கயிறு பிடிக்க என்னைக் கூப்பிட்டிருக்கான்.”

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் சவப்பெட்டியைக் குழிக்குள் கைகளால்தான் இறக்குவார்கள். ஆறு ஆண்கள், மூன்று கயிறுகள். தூக்கி வந்த அதே ஆறு பேர்தான் இறக்கவும் வேண்டும். பத்தொன்பது வருடங்களுக்கு முன் இவர்களுடைய அப்பா கொர்னேலியஸ் டூக் இறந்தபோது எனக்குப் பதினான்கு வயது. பள்ளிப் பாடகர் குழுவோடு குழியருகே நின்று பாடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது சரணத்தில் கால்பக்கத்துக் கயிறு ஓடியது. பெட்டி சாய்ந்து, ஒரு முனை குழியின் அடியில் போய் மோதியது. அந்தச் சத்தத்தை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. பாட்டு நின்றுபோனது. கயிற்றை விட்டவர் இஸ்பிராண்ட்.

அதற்காக யாரும் அவரைத் திட்டவில்லை. அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் சாப்பாடு நடந்தது. பாலாடைக்கட்டித் தட்டை அவர் பக்கமும் நீட்டினார்கள். சர்க்கரைக் கட்டி வேண்டுமா என்று கேட்டார்கள். அதற்குப் பிறகும் நடந்ததை ஒருவரும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. அடுத்த வசந்தத்தில்தான் அவர் தெருவை விட்டுப் போனார். கடிகாரத்தை மாற்றாமல் விட்டதும் அந்த வசந்தத்தில்தான்.

பயிற்சியைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். முன்கையை மேசையில் கிடத்தி, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்க, ஒரு சிறு சுத்தியலைப் பிடிக்க வேண்டும். இடது கையால் அதை மேலே ஏற்றிக் கொடுக்க வேண்டும். பிறகு வலது கை மட்டும், ஐந்து எண்ணும் வரை, மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டும். பதினைந்து முறை, ஒரு நாளைக்கு மூன்று தரம். தாளின் தலைப்பில் பயிற்சியின் பெயரையும் எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி அதைப் படித்தார்.

“எக்சென்ட்ரிக். ஒரு மாதிரி ஆளுன்னு என்னைப் பத்தி ஆஸ்பத்திரில கூட எழுதி வச்சிருக்கீங்களா?”

“உங்களப் பத்தி இல்ல அங்கிள், தசையப் பத்தி. பாரத்தத் தூக்குறப்ப தசை சுருங்கும், நடுவப் பாத்து வரும். அதே பாரத்த மெல்ல எறக்குறப்ப தசை நீளும், நடுவ விட்டு வெளிய போகும். ஆனா விடாது. நீண்டுக்கிட்டே புடிச்சிருக்கும். அதுக்குத்தான் அந்தப் பேரு. கெட்டுப்போன தசைநாரு அதுல தான் சரியாகும்.”

“வைக்கோல் கட்டுற பழைய பேலர்ல இதே பேர்ல ஒரு சக்கரம் இருக்கு,” என்றார் யோசித்துக்கொண்டே. “அச்சு நடுவுல இருக்காது, ஓரமா இருக்கும். நடுவுல இருந்தா சும்மா சுத்திக்கிட்டுக் கெடக்கும். ஓரமா இருக்கறதாலதான் எதையாவது தள்ளும்.” தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “ஏத்துறது வேலை, சரி. எறக்குறது ஒரு வேலையா?”

“அதுதான் வேலை.”

“நீ சொன்னா சரி” என்றார். நம்பாதவர்கள் சொல்லும் ‘சரி’ அது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

நான்கு வாரம் கழித்துப் பிடி பதினொன்றாகக் குறைந்திருந்தது. இப்படி நான் பார்த்ததில்லை. “சொன்னபடி செய்றீங்களா?” என்று கேட்டேன். “அதுக்கு மேலயே செய்றேன்” என்றார். டாக்டருக்கு எழுதிய கடிதத்தில், இரண்டாவது பத்தியில், ‘நோயாளி பயிற்சியைச் சரியாகச் செய்துவருகிறார்’ என்று எழுதினேன். நான் பார்க்காததைப் பார்த்ததாக எழுதியது அங்கேதான்.

அடுத்த வியாழக்கிழமை மதியம் பெர்ன்ஹார்டுக்கு மூச்சுப் பயிற்சி கொடுக்க மாடிக்குப் போனேன். நடைபாதையில் வரும்போதே ‘தொப், தொப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அறைக்குள் பெர்ன்ஹார்ட் தலையணைகளில் சாய்ந்து, கால்கள் வீங்கி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தார். மனைவி கதரீனா சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைக் காகிதத்தில் துப்பிக்கொண்டிருந்தார். ஜன்னலோரத்தில் இஸ்பிராண்ட். முகம் சிவந்து, நெற்றி வியர்த்து, வலது கையாலேயே சுத்தியலைத் தூக்கினார், மடித்து வைத்த கோட்டின்மேல் ‘தொப்’பென்று போட்டார்.

“நூத்திப் பன்னெண்டு” என்றார்.

“அங்கிள், என்ன பண்றீங்க?”

“நீ சொன்னதத்தான்.”

“பதினஞ்சுன்னுதானே எழுதியிருந்தேன்?”

“பதினஞ்சு சின்னப் பிள்ளைங்களுக்கு. காலைல நூறு, மத்தியானம் நூத்தம்பது.”

“எடது கையால ஏத்தச் சொன்னேனே?”

அவர் குரலைத் தாழ்த்தினார். திருட்டுக் குற்றத்தை மறுப்பவர்போல இருந்தது. “அது ஏமாத்து வேலை, ஜஸ்டினா. கெட்ட கை செய்ய வேண்டிய வேலைய நல்ல கை ஏன் செய்யணும்? யாரும் பாக்கலைன்னாலும் எனக்குத் தெரியுமில்ல? அந்த எறக்குற எடத்துலதான் கைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்குது. அதான் சட்டுனு போட்டுட்டு மறுபடி தூக்குறேன்.”

கட்டிலிலிருந்து சிரிப்பு வந்தது, பாதியில் இருமலானது. கதரீனா எழுந்து கணவரின் முதுகைத் தாங்கினார்.

“அவன் எங்க அப்பா பிள்ளைம்மா,” என்றார் பெர்ன்ஹார்ட், மூச்சு வாங்கி வாங்கி. “யாரு எத்தனை மூட்டை ஏத்துனான்னுதான் எங்க வீட்ல பேச்சு. எவன் எப்படி எறக்கி வச்சான்னு எவன் கேட்டான்?”

அது உண்மை. அவர்கள் வீட்டில் மட்டுமல்ல. ஓய்வெடுங்கள் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் வெட்கப்பட்டுக்கொண்டு போய், வீட்டில் இரண்டு மடங்கு வேலை செய்துவிட்டு, வலியோடு திரும்பி வருவார்கள். எத்தனை வருடமாகப் பார்க்கிறேன். பயிற்சி எழுதும்போது நான்தான் இதை நினைத்திருக்க வேண்டும்.

பெர்ன்ஹார்டின் இருமல் அடங்கியது. தம்பியையே பார்த்தார்.

“டேய். அன்னைக்குக் கயிற ஏன் விட்ட?”

கதரீனாவின் கை விதைப்பையிலேயே நின்றது. நான் வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். கதவு தூரமாக இருந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

இஸ்பிராண்ட் சுத்தியலின் பிடியை விரலால் தடவினார்.

“விடலண்ணே. நீங்க அஞ்சு பேரும் எறக்கிக்கிட்டிருந்தீங்க. நான் எறக்கல. நான் நிறுத்திக்கிட்டிருந்தேன். அப்பாவ அங்க கீழ விட மனசு வரல. இறுக்கிப் புடிச்சேன். பாரமெல்லாம் என் பக்கம் வந்துச்சு. உள்ளங்கை எரிஞ்சுது. அப்புறம் ஓடிடுச்சு.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“எதிர்ல நின்னது நான்தானேடா. உன் கயிறு மட்டும் அசையல. ‘விடுடா, விடுடா’ன்னு வாயசச்சேன். நீ என்னப் பாக்கவே இல்ல.” கண்ணை மூடிக்கொண்டார். “அதை அன்னைக்கே எல்லாருக்கும் முன்னாடி சொல்லியிருக்கணும். சொல்லல. சொன்னா உனக்கு இன்னும் கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன். என் தப்புதான். இப்ப கேளு. என்ன எறக்குறப்ப நிறுத்தப் பாக்காத. எறக்கு.”

ஜன்னலுக்கு வெளியே பனி தூற ஆரம்பித்திருந்தது. இஸ்பிராண்ட் சுத்தியலை எழுந்துபோய் மேசைமேல் வைத்தார். வலது கையால், சத்தமில்லாமல்.

இரண்டு வாரம் எந்தப் பயிற்சியும் கூடாது என்றேன். முகம் சுருங்கினாலும் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்த அறையில்தான் நடந்தது. தனியாக விட்டால் இவர் மறுபடி தூக்க ஆரம்பித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். ஒரு வாளியில் ஐந்து கிலோ கோதுமை போட்டுக் கயிறு கட்டினோம். கதரீனா வாளியை இடுப்பளவு தூக்கிக் கொடுப்பார். இஸ்பிராண்ட் கயிற்றை வாங்கிக்கொள்வார். கதரீனா கையை எடுப்பார். எட்டு எண்ணும்போதுதான் வாளி தரையைத் தொட வேண்டும், முன்னே தொடக்கூடாது. எண்ணுகிற வேலையை பெர்ன்ஹார்ட் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“ஒண்ணு... ரெண்டு... டேய், அவசரப்படாத. பஸ்ஸா போகுது? மூணு...”

“அண்ணி, பாரமா இருந்தா சொல்லுங்க.”

“அறுபது வருஷம் பால் கேன் தூக்குன கைப்பா. நீ உன் வேலையப் பாரு.”

முதல் நாள் வாளி ஆறிலேயே விழுந்தது. பத்தாம் நாள் எட்டில் போய் உட்கார்ந்தது. வாரத்துக்கு வாரம் கோதுமையைக் கூட்டினோம். பிடி பதினாறு, இருபது, இருபத்துநான்கு என்று ஏறியது. நான் நினைத்ததைவிட வேகம். கோதுமை கூடக் கூட, எண்ணுகிறவரின் மூச்சு குறைந்தது. டிசம்பர் தொடக்கத்தில் எட்டு வரை ஒரே மூச்சில் எண்ணினார். பிறகு ஐந்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். அவர் மூச்சு வாங்கும்வரை இஸ்பிராண்ட் வாளியை அந்தரத்தில் வைத்துக்கொண்டிருக்கப் பார்த்தார். “நிறுத்தாத,” என்றார் பெர்ன்ஹார்ட். “நான் நின்னாலும் நீ நிறுத்தாத.”

ஒருநாள் அவருடைய பரிசோதனைத் தாள் கட்டிலின்மேல் கிடந்தது. என்னைப் படிக்கச் சொன்னார். “இதுல என்னம்மா எழுதியிருக்கு என் நெஞ்சப் பத்தி?”

தாளை எடுத்துப் பார்த்தேன். “உங்க வால்வு ரொம்ப வருஷமா ஒழுகுது. அனுப்புன ரத்தமே திரும்பித் திரும்பி வருது. அந்தப் பாரத்தத் தாங்க இதயம் வெளிப்பக்கமா விரிஞ்சுக்கிட்டே போயிருக்கு. உள்பக்கமா தடிச்சா அதுக்கு ஒரு பேரு. இப்படி நடுவ விட்டு வெளிய விரிஞ்சா, அதுக்கு எக்சென்ட்ரிக்னு பேரு.”

பெர்ன்ஹார்ட் தம்பியைப் பார்த்தார். கண்ணில் பழைய குறும்பு வந்தது. “கேட்டியாடா? ஊரெல்லாம் உன்னச் சொல்லிக்கிட்டிருந்துச்சு. இங்க எனக்குள்ளதான் இருந்திருக்கு.”

இஸ்பிராண்டும் சிரித்தார். பிறகு என்னிடம் திரும்பி, சிரிப்பு மாறாமல், “விரிஞ்சது இனிமே சுருங்காதா?” என்று கேட்டார்.

“இவ்வளவு நாளைக்கு அப்புறம், இல்ல அங்கிள்.”

“ஆனா விடாம அடிச்சுக்கிட்டிருக்கு.”

“ஆமா. இன்னும் அடிச்சுக்கிட்டுதான் இருக்கு.”

கிறிஸ்மஸ் தாண்டியது. புது வருடத்தில் பெர்ன்ஹார்ட் மூன்றுக்கு மேல் எண்ணவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, அவ்வளவுதான். மீதி ஐந்தும் அறையில் சத்தமில்லாமல் போகும். வாளி தரையைத் தொட்டதும் அவர் விரலை லேசாக உயர்த்துவார். ஜனவரி ஒன்பதாம் தேதி காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு இறந்தார். கதரீனாவும் இஸ்பிராண்டும் பக்கத்தில் இருந்தார்கள்.

அன்று மதியமே பெர்ன்ஹார்டின் மகன் டெல்பர்ட் என் அறைக்கு வந்தான். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். பனிக் காலணியைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

“ஜஸ்டினா, ஒரு லெட்டர் வேணும்.”

“யாருக்கு?”

“சித்தப்பாவுக்கு. அவரு கை சரியில்ல, கயிறு பிடிக்கக்கூடாதுன்னு. நீ எழுதுனா அவரு கேப்பாரு. நான் சொன்னா மனசு நோகும்.”

“அப்ப யாரு பிடிக்கிறது?”

“யாரும் வேணாம். டவுன்ல மெஷின் இருக்கு. பெல்ட்ல வச்சு லீவர அழுத்துனா தானா எறங்கிடும்.” அவன் கண்கள் வீங்கியிருந்தன. “தாத்தாவ எறக்குறப்ப நானும் அங்கதான் நின்னேன். நீயும் நின்ன. அந்தச் சத்தத்த எங்கம்மா இன்னொரு தடவ கேக்க வேணாம். அதுவும் எங்கப்பாவுக்கு.”

அவன் கேட்டதில் தப்பு இல்லை. நான் எழுதுகிறபடிதான் நடக்கும் என்றும் தெரிந்தது. “நாளைக்குக் காலைல தரேன்” என்றேன்.

மறுநாள் எட்டு மணிக்கு இஸ்பிராண்டை வரச் சொன்னேன். எட்டு மணிக்கு வந்தார். டெல்பர்ட் கேட்டதை மறைக்காமல் சொன்னேன். “அவன் பயப்படுறது நியாயம்தான்,” என்றார். “உள்ளத உள்ளபடி எழுது. எனக்காகக் கூட்டி எழுதாத.”

வலது பிடி இருபத்தொன்பது. கையை நீட்டித் தரையிலிருந்து பத்துக் கிலோ தூக்கச் சொன்னேன். பாதியில் தாடை இறுகியது, முழங்கை நடுங்கியது. பிறகு நானே இருபது கிலோ கோதுமை வாளியை மேசைமேல் ஏற்றிக் கயிற்றைக் கொடுத்தேன். இரண்டு கையும் மாறி மாறிக் கயிற்றை விட, எட்டு எண்ணி இறக்கினார். பதினைந்து முறை. கடைசி முறையும் முதல் முறை மாதிரியே வாளி தரையில் போய் உட்கார்ந்தது. பெட்டியும் உடலுமாக நூற்று இருபது கிலோ என்று வைத்தால், ஆளுக்கு இருபது.

கடிதத்தை மூன்று பத்தியாக எழுதினேன். அவர் சொன்னது, நான் பார்த்தது, நான் நினைப்பது. இந்த முறை எதையும் கலக்கவில்லை. மூன்றாவது பத்தியில் இரண்டே வாக்கியம்: ‘பெட்டியைத் தூக்கக்கூடாது. இறக்கலாம்.’

டெல்பர்ட் அதை அம்மா வீட்டுச் சமையலறையில் நின்றபடி இரண்டு முறை படித்தான். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசையில் யாரோ கொண்டுவந்த ரொட்டிக் கூடைகள் அடுக்கியிருந்தன.

“என்ன லெட்டர் இது? தூக்க முடியாத ஆளு எப்படி எறக்குவாரு?”

“ரெண்டும் வேற வேற வேலை, டெல்பர்ட். ரெண்டையும் அளந்து பாத்துட்டுத்தான் எழுதியிருக்கேன்.”

“அப்ப ஏழு பேரா? தூக்க ஆறு, அதுல ஒருத்தர் ஒதுங்கி, எறக்க இன்னொருத்தர்? நம்ம ஊர்ல எவன் அப்படி செஞ்சான்? சிரிப்பாங்க.”

கதரீனா கறுப்பு உடையில், முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“ஆறு வாரம் அந்த வாளியத் தூக்கிக் குடுத்தது நான்,” என்றார். “எத்தனை தடவ எறக்குனான்னு எனக்குத் தெரியும். கடைசி மாசம் ஒரு தடவகூடத் தரைல சத்தம் வரல. சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.” கையைத் துடைத்துக்கொண்டார். “பக்கத்து வீட்டு வில்மர்கிட்ட சொல்லு, கால்பக்கத்து மூலையத் தூக்கி வர. குழிகிட்ட வந்ததும் கயிற உன் சித்தப்பாகிட்ட குடுக்கட்டும்.”

டெல்பர்ட் கடிதத்தை மடித்தான். “சரிம்மா” என்றான்.

சனிக்கிழமை குளிர் மைனஸ் இருபத்தெட்டு. மண் இளக இரண்டு நாள் வைக்கோல் எரித்துத்தான் குழி தோண்டியிருந்தார்கள். பெட்டி தேவாலயத்திலிருந்து வருவதற்கு முன்பே இஸ்பிராண்ட் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். நாங்கள் வரும்போது வேலிக்கு உள்ளே, குழியின் கால்பக்கத்தில் தனியாக நின்றிருந்தார். தொப்பி பனியில் கிடந்தது. சாலையில், அவர் எப்போதும் நிற்கும் இடத்தில், ஒருவரும் இல்லை. எனக்கு முன்னால் போன இருவர் அங்கே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

ஆறு பேரும் பெட்டியைக் குழியின் குறுக்கே கிடந்த பலகைகள்மேல் வைத்தார்கள். பெட்டிக்கு அடியில் கயிறுகளைக் கொடுத்தார்கள். “தூக்காதவன் கயிறு பிடிக்கிறதப் பாரு” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. யாரோ அதை அதட்டினார்கள். பலகையை உருவ, எல்லோரும் ஒரு கணம் சேர்ந்து தூக்க வேண்டும். அந்தத் தூக்கலையும் வில்மர்தான் செய்தார். பலகைகள் வெளியே வந்ததும் கயிற்றை இஸ்பிராண்டின் உள்ளங்கையில் வைத்து, தன் கையை ஒவ்வொரு விரலாக எடுத்தார். எதிர்ப்பக்கம் அதே கயிற்றின் மறுமுனையில் டெல்பர்ட்.

பாட்டு தொடங்கியது. நான் பாடவில்லை. இஸ்பிராண்டின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு உதடுகளை. அவர் எண்ணிக்கொண்டிருந்தார். எட்டு வரை எண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். மூன்று வரை எண்ணினார். பிறகு மறுபடி ஒன்றிலிருந்து. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று. கயிறு அந்தக் கணக்கில் வலது கையிலிருந்து இடது கைக்கும், இடதிலிருந்து வலதுக்கும் போய்க்கொண்டிருந்தது. அவர் டெல்பர்டைப் பார்த்தார். டெல்பர்டும் அவரையே பார்த்தான். தலைப்பக்கத்தில் ஒருவர் கொஞ்சம் வேகமாக விட்டார், பெட்டி லேசாகச் சாய்ந்தது. இஸ்பிராண்ட் இறுக்கவில்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. அதே மூன்று. தலைப்பக்கத்து ஆள் அவர் வேகத்துக்கு வந்தார். நடுக்கயிறும் வந்தது. பெட்டி நேரானது.

மூன்றாவது சரணம் வந்தது. முடிந்தது. நான்காவது சரணத்தின் நடுவில் மூன்று கயிறுகளும் தளர்ந்தன. பெட்டி எப்போது அடியைத் தொட்டது என்று எனக்குத் தெரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன். ஒரு சத்தமும் வரவில்லை.

கதரீனா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பாட்டு நிற்காததைக் கவனித்து, மெதுவாகத் திறந்தார்.

இஸ்பிராண்ட் கயிற்றை உடனே விடவில்லை. பாரம் போய்விட்டது அவர் கைக்கு இன்னும் தெரியாததுபோல நின்றார். டெல்பர்ட் குழியைச் சுற்றி வந்து பக்கத்தில் நின்றான். “எறக்கியாச்சு சித்தப்பா” என்றான். அவர் தலையசைத்துவிட்டுக் கயிற்றைப் பனியில் வைத்தார்.

தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் நீள மேசைகள். உலர்திராட்சை ரொட்டி, பாலாடைக்கட்டி, சர்க்கரைக் கட்டி, காபி. இஸ்பிராண்ட் கதரீனாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் ஒரு சிவந்த கோடு இருந்தது. வில்மர் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

“எப்படிப்பா இருக்கு கை?”

“வலிக்குது,” என்றார் இஸ்பிராண்ட். எங்கள் ஆட்களில் ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

“மார்ச்சுல கடிகாரத்த மாத்துவியா?”

“எதுக்கு? நவம்பர்ல நீங்களே திரும்பி வந்துருவீங்கல்ல.”

மேசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். கதரீனாகூட. யாரோ காபியை ஊற்றினார்கள். இஸ்பிராண்ட் கப்பை இடது கையால் எடுத்து, ஒரு வாய் குடித்து, வலது கைக்கு மாற்றினார். நான் அடுத்த மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதடு லேசாக அசைந்தது. கப்பு மெல்ல மெல்ல இறங்கித் தட்டைத் தொட்டது.